பப்மெட்டில் வெற்றிலை பாக்கைத் தேடினால் ஒன்று கடல், இல்லாவிட்டால் பூஜ்யம்: எங்கே தப்பு செய்கிறேன்?

பிறைவாணி எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். மலேசியாவில், பட்டர்வொர்த்தில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்துகொண்டே பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். ஆய்வேட்டுத் தலைப்பு, தோட்டப்புறத்தில் வளர்ந்த இந்தியப் பெண்களிடம் வெற்றிலை பாக்குப் பழக்கமும் வாய்ப்புற்றும். யாரும் என் தலையில் கட்டியதில்லை, நானே கேட்டு வாங்கிக்கொண்டது. என் பாட்டி ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போகும்போதும் இடுப்பில் சுருக்குப் பை இருக்கும், அதில் காசு இருக்கிறதோ இல்லையோ பாக்கும் சுண்ணாம்பும் கட்டாயம் இருக்கும். இப்போது கிளினிக் நாற்காலியில் வந்து உட்காரும் அறுபது எழுபது வயது அம்மாக்களில் சிலருக்கு வாயை இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்க முடிவதில்லை, கேட்டால் "வயசாயிடுச்சும்மா, அதான்" என்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத்தளமான பப்மெட்டில் முதலில் என் தலைப்பை அப்படியே ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகத் தட்டினேன். ஒன்றுமே இல்லை. பிறகு 'ஓரல் கேன்சர்' என்று மட்டும் போட்டேன், ஆயுள் முழுக்கப் படித்தாலும் தீராத அளவுக்குக் கொட்டியது. குறைக்கலாம் என்று 'இண்டியன்' சேர்த்தேன், இந்தியாவிலிருந்து வரும் ஆய்விதழ்கள் எல்லாம் வரிசை கட்டி நின்றன, நடுவில் அமெரிக்கப் பழங்குடி மக்களைப் பற்றியும் சில. சிகரெட் விஷயம் வேண்டாம் என்று 'நாட் ஸ்மோக்கிங்' போட்டதும் பட்டியல் அழகாகச் சுருங்கியது, சந்தோஷப்பட்டேன். ஆனால் என் வழிகாட்டி போன வாரம் நீட்டிய ஒரு முக்கியமான கட்டுரை அந்தப் பட்டியலில் இல்லை! 'பான்' என்று தேடியதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பான் என்ற குடும்பப் பெயருள்ள சீன ஆராய்ச்சியாளர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள்.

வழிகாட்டி கேட்பது ஒன்றுதான்: எப்படித் தேடினாய் என்று எழுதிக் கொடு, அதை வைத்து இன்னொருவர் தேடினால் அதே கட்டுரைகள் வர வேண்டும். எனக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. தெரிந்த அண்ணன்மார் அக்காமார் யாராவது கொஞ்சம் கைகொடுங்கள். ஆங்கிலத் தேடல் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், புரியும் என்று நினைக்கிறேன்.


மாமாக்கடை மன்னன் எழுதியது:

எதுக்குங்க இவ்வளவு பாடு? கூகுள் ஸ்காலர் இருக்கிறது, அதில் தட்டுங்கள். இல்லை ஏஐ-யிடம் "வெற்றிலை பாக்கு, வாய்ப்புற்று, மலேசியா, இருபது கட்டுரை கொடு" என்று சொல்லுங்கள், தே தாரேக் ஆறுவதற்குள் கையில் வந்துவிடும். நான் என் டிப்ளோமாவை அப்படித்தான் முடித்தேன்.


அலமாரி எழுதியது:

மன்னன் தம்பி, உங்கள் டிப்ளோமா எந்தத் துறை என்று நான் கேட்கப்போவதில்லை. கோலாலம்பூரில் மருத்துவ நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைசி வருடத்தில் ஒரு மாணவர் ஏஐ கொடுத்த பட்டியலோடு வந்து, "சார், இந்தக் கட்டுரைகளை எடுத்துக் கொடுங்கள்" என்றார். தலைப்புகள் எல்லாம் பிரமாதம், ஆய்விதழ்களும் நிஜம், ஆசிரியர்கள்கூட அந்தத் துறைக்காரர்கள்தான். பாதிக் கட்டுரைகள் உலகத்திலேயே கிடையாது. இரண்டு மூன்றுக்குப் பப்மெட் எண்ணும் போட்டிருந்தது, அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தால் வேறு ஏதோ சம்பந்தமில்லாத கட்டுரை திறக்கிறது. ஸ்காலர் அவ்வளவு மோசமில்லை, முழுக் கட்டுரை எங்கே இலவசமாகக் கிடக்கிறது என்று பார்க்க நானே அதைத்தான் திறப்பேன். ஆனால் எத்தனை லட்சம் காட்டினாலும் முதல் ஆயிரத்துக்கு மேல் அது உங்களைப் போகவிடாது, எந்த வரிசையில் அடுக்குகிறது என்பதும் அதற்கே வெளிச்சம். வாணியின் வழிகாட்டி கேட்கிற "இன்னொருவர் தேடினாலும் அதே வர வேண்டும்" என்பதற்கு அது ஒத்துவராது.

இனி வாணிம்மாவுக்கு. நீங்கள் பப்மெட்டிடம் கேள்வி கேட்கிறீர்கள், அதற்குக் கேள்வி புரியாது, சொல்தான் புரியும். முழு வாக்கியத்தைப் போட்டால் அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் ஒரே பதிவில் இருந்தாக வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் பூஜ்யம். 'தோட்டப்புறம்', 'வளர்ந்த', 'பெண்கள்', 'பழக்கம்' எல்லாவற்றையும் ஒரே கட்டுரைச் சுருக்கத்தில் எழுதிவைத்த புண்ணியவான் யாரும் இல்லை.

அதை நடத்துகிற அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம், 1879-லிருந்து மருத்துவக் கட்டுரைகளுக்கு அட்டவணை போட்டுவந்த இடம். முதலில் அச்சுப் புத்தகம், 1971-இல் மெட்லைன், 1997-இல் எல்லோருக்கும் இலவசமாகப் பப்மெட். இவ்வளவு காலமும் அவர்களுக்கிருந்த தலைவலி உங்களுடையதேதான்: ஒரே நோயை ஒருவர் கேன்சர் என்பார், ஒருவர் கார்சினோமா என்பார், ஒருவர் ட்யூமர் என்பார், அதையே பிரிட்டிஷ் எழுத்துக் கூட்டல் வேறு மாதிரி எழுதும். அதனால் 1960-இல் மெஷ் என்று ஒரு சொல்லடைவு கொண்டுவந்தார்கள். கட்டுரைக்காரர் எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும், அட்டவணையில் புற்றுநோய்க்கு 'நியோப்ளாசம்ஸ்' என்ற ஒரே தலைப்பு. நோயாளியும் சொல்லாத, டாக்டரும் வாயில் வராத சொல்தான், என்ன செய்ய. வாய்ப்புற்று அங்கே 'மவுத் நியோப்ளாசம்ஸ்'. நீங்கள் மேற்கோள் குறி இல்லாமல் 'ஓரல் கேன்சர்' என்று தட்டினால் பப்மெட் தானாகவே அந்தத் தலைப்பையும் சேர்த்துத் தேடும். மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டால் எழுதியதை எழுதியபடியே தேடும், இந்த உதவி போய்விடும். அட்வான்ஸ்டு பக்கத்தில் நீங்கள் செய்த தேடல்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'டீடெயில்ஸ்' என்று இருக்கும். அதைத் திறந்தால் நீங்கள் கேட்டது என்ன, அது தேடியது என்ன என்று தெரிந்துவிடும். முப்பது வருடப் பழக்கத்தில் சொல்கிறேன், மாணவர்களுடைய குழப்பத்தில் பாதி அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தால் தீர்ந்துவிடும், ஆனால் யாரும் பார்ப்பதில்லை.

அப்புறம் செய்யவேண்டியது இது. தலைப்பை மூன்று கூடையாகப் பிரியுங்கள். வாய்ப்புற்று ஒரு கூடை, வெற்றிலை பாக்கு ஒரு கூடை, மலேசியா ஒரு கூடை. ஒரு கூடைக்குள் இருக்கிற சொற்களுக்கு நடுவே 'ஆர்', கூடைக்கும் கூடைக்கும் நடுவே 'ஆண்ட்', இரண்டும் பெரிய எழுத்தில். ஒவ்வொரு கூடையையும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். போடாவிட்டால் பப்மெட் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டே இருக்கும், உங்கள் மனதிலுள்ள கணக்கு அதற்குத் தெரியாது. மூன்றையும் தனித்தனியாகத் தேடிப் பார்த்துவிட்டு, பிறகு அட்வான்ஸ்டு பக்கத்துத் தேடல் வரலாற்றிலிருந்து எடுத்துச் சேர்த்தால் எந்தக் கூடை ஓட்டை என்று கண்டுபிடிக்கலாம்.

'நாட்' பக்கமே போகாதீர்கள். வாய்ப்புற்று பற்றி எழுதுகிற யாரும் சுருக்கத்தில் புகைப்பதைக் குறிப்பிடாமல் விடமாட்டார்கள், "புகைக்காதவர்களிடமும் பார்த்தோம்" என்று எழுதியிருந்தால்கூட அந்தச் சொல் இருக்கிறதே. நீங்கள் தூக்கிப் போட்டதில்தான் உங்களுக்கு வேண்டியது இருந்தது.

ஒரு காலத்தில் புற்றுநோய்க்கென்றே கேன்சர்லிட் என்று தனித் தரவுத்தளம் இருந்தது, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் நடத்தியது. குறுந்தட்டில் வரும், அதற்கென்று ஒரு கணினி, முன்னால் வரிசை. பிறகு அதை நிறுத்திவிட்டார்கள், இப்போது பப்மெட்டுக்குள் 'கேன்சர்' என்று ஒரு வடிகட்டியாக அதன் நிழல் இருக்கிறது. உங்கள் தேடலுக்கு அது தேவைப்படாது, பழைய ஆள் என்பதால் நினைவு வந்தது.


கடைவாய்ப்பல் எழுதியது:

அலமாரி ஐயா சொன்னது அடித்தளம், அதன்மேல் நான் கொஞ்சம் பூசுகிறேன். பல் மருத்துவர், பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறேன், இதே துறையில் முன்பு ஆய்வு செய்திருக்கிறேன்.

வெற்றிலைக் கூடைதான் உங்களுக்கு ஆபத்தானது. ஆங்கிலக்காரர்கள் பாக்கைப் போய் 'பீட்டல் நட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பீட்டல் என்பது நம் வெற்றிலைதான், போர்த்துகீசியர் வாயில் புகுந்து அப்படி ஆனது. கொடிக்கும் கொட்டைக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அந்தத் தப்பான பெயரில்தான் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இருக்கின்றன, நாமும் தப்பாகத் தேடித்தான் ஆகவேண்டும். மெஷ்ஷில் அது 'அரேக்கா' என்ற தலைப்பின் கீழ் போகும். கூடைக்குள் இவை எல்லாம் வேண்டும்: அரேக்கா நட், பீட்டல் நட், பீட்டல் குவிட், பான் மசாலா, குட்கா (இதற்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக் கூட்டல், இரண்டையும் போடுங்கள்), அப்புறம் பீட்டல் என்ற சொல்லோடு 'ச்யூ' போட்டு நட்சத்திரக் குறி. அந்தக் குறி மெல்லுதல், மெல்பவர், மெல்பவர்கள் மூன்றையும் பிடித்துவிடும். 'பான்' என்று தனியாக வேண்டாம், அனுபவித்துவிட்டீர்கள். அது நடந்ததற்குக் காரணம், நீங்கள் எங்கே தேட வேண்டும் என்று சொல்லாவிட்டால் ஆசிரியர் பெயர், ஆய்விதழின் பெயர், பல்கலைக்கழக முகவரி எல்லா இடத்திலும் பப்மெட் கையை விட்டுத் துழாவும். இண்டியன் ஜர்னல்கள் வரிசை கட்டியதும் இதனால்தான். சொல்லுக்குப் பின்னால் சதுர அடைப்பில் 'டி ஐ ஏ பி' என்று நான்கு ஆங்கில எழுத்துப் போட்டால் தலைப்பிலும் சுருக்கத்திலும் ஆசிரியர்கள் தந்த குறிச்சொற்களிலும் மட்டும் தேடும்.

இதே கதை மலேசியாவுக்கும் உண்டு. சும்மா 'மலேசியா' என்று போட்டால், ஆசிரியர்களில் ஒருவர் இங்கே வேலை செய்தாலே போதும், கட்டுரை எலியைப் பற்றியதாக இருந்தாலும் வந்து நிற்கும். மெஷ் தலைப்பாக ஒரு மலேசியா, டி ஐ ஏ பி போட்டு ஒரு மலேசியா, கூடவே 'மலாயா'. 1963-க்கு முந்தைய ஆய்வுகளில் நாட்டின் பெயரே அதுதானே. 'இண்டியன்' என்பதைத் தேடலிலிருந்தே எடுத்துவிடுங்கள். மலேசியாவில் எடுத்த ஆய்வென்றால் இனவாரியாகப் பிரித்துத்தான் அட்டவணை போட்டிருப்பார்கள், ஆனால் அது சுருக்கத்தில் வந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. மூன்று கூடையில் வருவது படித்து முடிக்கக்கூடிய அளவுதான் இருக்கும், உட்கார்ந்து கண்ணால் பொறுக்குங்கள். எந்தக் குறியீடும் அந்த வேலையைச் செய்யாது.

இன்னொன்று, வாய் திறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதற்குத் தனிப் பெயர் இருக்கிறது: ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ். பாக்கால் வாயின் உட்தோல் இறுகி நார் போலாகிவிடுவது, புற்றாக மாறக்கூடியது. அதையும் முதல் கூடையில் 'ஆர்' போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாக்களை வயசு என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், மேல் பரிசோதனைக்கு எழுதிக் கொடுங்கள். ஆய்வேடு இரண்டு வாரம் கழித்துக்கூட வரட்டும், இது நாளைக்கே.

ஐயாவோடு ஒரு இடத்தில் மட்டும் முரண்படுகிறேன். மெஷ்ஷை ரொம்ப நம்பவேண்டாம். 'மவுத் நியோப்ளாசம்ஸ்' என்று போட்டால் நாக்கு, உதடு, ஈறு எல்லாம் அதன் கீழ் தானாக வருவது நல்லதுதான், உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றும் கூடவே வருகிறது, அதற்கும் பாக்குக்கும் கணக்கு வேறு. 2022-லிருந்து மெஷ் போடும் வேலையை இயந்திரம்தான் செய்கிறது, ஆட்கள் சிலவற்றை மட்டும் சரிபார்க்கிறார்கள். மெட்லைனில் சேராத ஆய்விதழ்களின் கட்டுரைகளும் பப்மெட்டில் இருக்கின்றன, அவற்றுக்கு மெஷ்ஷே கிடையாது. அதனால் ஒவ்வொரு கூடையிலும் மெஷ் ஒன்று, சாதாரணச் சொல் நான்கு, இதுதான் என் கணக்கு.


அலமாரி எழுதியது:

டாக்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் காலத்தில் ஒரு கட்டுரையை ஒரு மனிதர் முழுக்கப் படித்துத் தலைப்புப் போடுவார், அந்த நம்பிக்கையில் பேசிவிட்டேன்.


செந்தூல்காரன் எழுதியது:

மன்னிக்கவும், வாணி அக்காவின் கேள்விக்கு நடுவே என் கதையை நுழைக்கிறேன். அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது, நாக்கில் புற்று என்று மூன்று வாரத்துக்கு முன்னால் சொன்னார்கள். அறுவைச் சிகிச்சை, பிறகு கதிர்வீச்சு என்கிறார்கள். வீட்டு வாட்ஸ்அப் குழுவில் பெரியம்மா தினமும் துரியான் பிளாண்டா (முள் சீத்தா, ஆங்கிலத்தில் சோர்சாப்) இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி அனுப்புகிறார், பத்தாயிரம் மடங்கு சக்தி என்று. நான் பப்மெட்டில் 'சோர்சாப் கேன்சர்' என்று தேடினேன், உண்மையிலேயே நிறையக் கட்டுரைகள் வருகின்றன! 'ஹியூமன்ஸ்' என்ற வடிகட்டியைப் போட்டேன், அப்போதும் வருகின்றன. அப்படியென்றால் மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? ஏன் எந்த டாக்டரும் சொல்வதில்லை? இன்னொன்று, நாக்குப் புற்று எத்தனை வருடம் என்று தேடிப்போய் ஒரு கட்டுரையில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டேன், அதிலிருந்து இரவில் தூக்கம் இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை.


இரவுப்பணி எழுதியது:

தம்பி, மன்னிப்பு எதற்கு. புற்றுநோய் வார்டில் தாதியாக இருக்கிறேன், பினாங்கில்தான். உங்கள் அம்மாவைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது, தேடலைப் பற்றிச் சொல்கிறேன்.

'ஹியூமன்ஸ்' என்ற அந்த வார்த்தை எல்லோரையும் ஏமாற்றும், என்னையும் ஏமாற்றியிருக்கிறது. மனிதர்களிடம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. யாரோ ஒரு நோயாளியிடமிருந்து எப்போதோ எடுத்த புற்றணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து அதன்மேல் இலைச்சாற்றை ஊற்றினாலும் 'ஹியூமன்ஸ்' என்றுதான் குறி போடுவார்கள், அணு மனித அணுதானே. தட்டில் இருக்கிற அணுவைக் கொல்வது ஒன்றும் பெரிய விஷயமில்லை, வினிகர் ஊற்றினாலும் சாகும். வயிற்றுக்குள் போய், ரத்தத்தில் கலந்து, நாக்கு வரை போய்ச் சேர்ந்து, மற்ற அணுக்களை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு இடது பக்கத்தில் கட்டுரை வகை என்று இருக்கும் பாருங்கள், 'ரேண்டமைஸ்டு கண்ட்ரோல்டு டிரையல்' (ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை) என்பதை மட்டும் டிக் பண்ணிவிட்டுப் பட்டியல் என்ன ஆகிறது என்று பாருங்கள். மிஞ்சுவதையும் தலைப்போடு நிறுத்தாமல் திறந்து படியுங்கள், யாருக்குக் கொடுத்தார்கள், எதை அளந்தார்கள் என்று. பெரியம்மாவின் பத்தாயிரத்தை அங்கே தேடுங்கள்.

அதோடு, ஒரு பொருள் நல்லதா என்று மட்டும் தேடுவது அரைத் தேடல். அதே பழத்தின் லத்தீன் பெயர் அன்னோனா மியூரிகேட்டா, அதோடு 'பார்க்கின்சன்' சேர்த்துத் தேடுங்கள். கரீபியனில் குவாடலூப் தீவில் இந்த வகைப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் அதிகம் சாப்பிட்டவர்களிடம் ஒருவித நடுக்க நோய் கூடுதலாக இருந்ததை 1999-இல் லான்செட்டில் எழுதியிருக்கிறார்கள். தொடர்பு இருக்கிறது என்றுதான் சொன்னார்கள், இதுதான் காரணம் என்று முடித்துவிடவில்லை. ஒரு பழம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, பயப்படவேண்டாம். ஆனால் சிகிச்சை நடக்கும்போது தினமும் கஷாயம் என்றால் டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். பெரியம்மாவிடம் சண்டை போடவும் வேண்டாம், அவருக்குத் தெரிந்த அன்பு அது.

அந்த எண். 'மீடியன்' என்று போட்டிருந்ததா? வரிசையாக நிற்கவைத்தால் நடுவில் இருப்பவர் எவ்வளவு காலம் இருந்தார் என்பதுதான் அது. பாதிப் பேர் அதற்கு மேலும் இருந்திருக்கிறார்கள், சிலர் ரொம்பவே மேலே. ஸ்டீபன் ஜே கூல்ட் என்று ஹார்வர்டில் ஒரு உயிரியல் பேராசிரியர், 1982-இல் அவருக்கு வயிற்று உறையில் மெசோதீலியோமா என்ற புற்று என்று சொன்னார்கள். என்ன படிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டார், படிக்கும்படி ஒன்றும் இல்லை என்று நழுவிவிட்டார் டாக்டர். இவர் சும்மா இருப்பாரா, நடக்க முடிந்ததும் மருத்துவ நூலகத்துக்குப் போய் அங்கிருந்த கணினியில் நோயின் பெயரைத் தட்டித் தேடினார், உங்களைப் போலவே. மீடியன் எட்டு மாதம் என்று வந்தது. உறைந்துபோய் உட்கார்ந்துவிட்டு, பிறகு அந்த எண் யாரை வைத்துப் போட்டது, அவர்களோடு ஒப்பிட்டால் தன் வயதும் நோயின் கட்டமும் எப்படி என்று யோசிக்க ஆரம்பித்தார். இருபது வருடம் இருந்தார், 2002-இல் வேறொரு புற்றுநோயால்தான் இறந்தார். எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை, வார்டில் இருக்கிறவள் அப்படிச் சொல்லக்கூடாது. நீங்கள் பார்த்த கட்டுரையில் எந்த வருடத்து நோயாளிகள், எந்தக் கட்டத்தில் வந்தவர்கள் என்று ஒருமுறை பாருங்கள், அப்புறம் அதை அம்மாவின் டாக்டரிடமே எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

உண்மையில் உங்களுக்கு இப்போது பப்மெட் வேண்டாம். பி டி க்யூ என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் தளத்தில் இருக்கிறது, கட்டுரைகளை எல்லாம் ஒரு குழு படித்து ஒவ்வொரு புற்றுக்கும் சுருக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள். ஒரே விஷயத்துக்கு நோயாளிகளுக்கு ஒரு வடிவம், மருத்துவர்களுக்கு ஒரு வடிவம். முதலில் நோயாளி வடிவம், அதில் வருகிற சொற்களைப் பிடித்துக்கொண்டு பிறகு மருத்துவர் வடிவம். தூக்கம் வராத நேரத்தில் படிக்கவேண்டாம், பகலில் படியுங்கள்.


செந்தூல்காரன் எழுதியது:

நன்றி அக்கா. அந்த டிக்கைப் போட்டுப் பார்த்தேன். நீளமாக இருந்த பட்டியல் ஒரு கைக்குள் அடங்கிவிட்டது, அதிலும் நாக்குப் புற்று எதுவும் இல்லை. எண் இருந்த கட்டுரையில் பாதிக்கு மேல் நான்காம் கட்டத்தில் வந்தவர்கள், அம்மாவுக்கு இரண்டாம் கட்டம் என்று எழுதியிருக்கிறது. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், தாளில் எழுதி எடுத்துப் போகிறேன்.


பிறைவாணி எழுதியது:

நான்கு நாளாக இதே வேலை, அதனால்தான் பதில் எழுதத் தாமதம். செந்தூல் தம்பி, அம்மா நலமாக வரவேண்டும், நுழைந்ததற்கு வருத்தப்படாதீர்கள், உங்கள் கேள்வியால் நானும் 'ஹியூமன்ஸ்' வடிகட்டியைத் தூக்கினேன். புதிதாக வந்து இன்னும் மெஷ் போடாத கட்டுரைகளையும் அது சத்தமில்லாமல் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மூன்று கூடைகளும் ஆயிற்று. தனித்தனியாகத் தேடியபோதுதான் தெரிந்தது, என் இரண்டாம் கூடையில் ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருந்தேன், அதனால் 'டீடெயில்ஸ்' பக்கத்தில் மலேசியா போய் பாக்குக்குள் உட்கார்ந்திருந்தது. அலமாரி ஐயாவுக்கு ஒரு கும்பிடு. சரிசெய்த பிறகு வழிகாட்டி கொடுத்த கட்டுரை பட்டியலில் வந்துவிட்டது. இப்போது அதையே சோதனையாக வைத்துக்கொண்டேன், எதை மாற்றினாலும் அந்தக் கட்டுரை வருகிறதா என்று முதலில் பார்க்கிறேன், வராவிட்டால் மாற்றியது தப்பு.

கடைவாய்ப்பல் டாக்டர் சொன்ன 'மலாயா' வேலை செய்தது, ஆனால் ஒரு வேடிக்கை: மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சுருக்கத்திலேயே பெயர் சொல்லி எழுதியவர்களும் கூடவே வந்துவிட்டார்கள். அவர்களைக் கையால்தான் எடுத்தேன். பழைய கட்டுரைகள் சிலவற்றுக்குச் சுருக்கமே இல்லை, தலைப்பு மட்டும்தான். அதற்காக நூலகத்தில் கேட்டிருக்கிறேன். பணம் கேட்ட கட்டுரைகளில் சில, முழுக் கட்டுரைகளை வைத்திருக்கும் பி எம் சி தளத்தில் இலவசமாகக் கிடந்தன, மலேசிய மருத்துவ இதழ் அதன் தளத்திலேயே திறந்திருக்கிறது, ஒரு ஆசிரியருக்கு மின்னஞ்சல் போட்டேன், மறுநாளே அனுப்பிவிட்டார், கூடவே வாழ்த்து வேறு. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கை பப்மெட்டில் இருக்காது என்று வகுப்புத் தோழி சொன்னாள், சுகாதார அமைச்சின் பக்கத்தில் போய் எடுத்தேன். லியோனிலுள்ள அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் 85-ஆம் தொகுதியும் அதுபோல அவர்கள் தளத்திலிருந்துதான். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கே புற்று வரவழைக்கும் என்று 2004-இல் முதல் பிரிவில் போட்டுவிட்டார்கள். என் பாட்டி புகையிலையைத் தொட்டதே இல்லை, "நான் வெறும் பாக்குத்தானே போடுறேன்" என்பார்.

அதைப் படித்த அன்று படகில் தீவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பினாங் என்றால் மலாயில் பாக்கு, பள்ளிக்கூடத்திலிருந்து தெரிந்ததுதான். இத்தனை நாள் 'அரேக்கா, அரேக்கா' என்று தட்டிக்கொண்டிருந்தவளுக்கு எதிரே வருகிற தீவின் பெயரே அது என்று அன்றுதான் உறைத்தது. மலாயில் 'சிரே பினாங்' என்று தேடினால் என்ன வரும் என்று ஆசைப்பட்டுப் போட்டேன், நம் மாநிலத்து மருத்துவமனைகளும் பல்கலைக்கழகமும் வந்து குவிந்தன. உடனே மூடிவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. இரண்டு வாரம் கழித்து வழிகாட்டி இதே தேடலைப் போட்டால் புதுக் கட்டுரைகள் சேர்ந்து எண்ணிக்கை மாறிவிடுமே, அதற்கு என்ன செய்வது?

அந்த வாய் திறக்காத அம்மாக்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டுவிட்டேன். ஒருவர் திங்கட்கிழமை வருகிறார், இன்னொருவர் மகள் வீட்டுக்கு சிங்கப்பூர் போயிருக்கிறாராம்.


அலமாரி எழுதியது:

மாறத்தான் செய்யும், அதில் தப்பில்லை. தேடிய தேதியையும் அன்று வந்த எண்ணிக்கையையும் தேடல் வரிக்குக் கீழேயே எழுதிவிடுங்கள், வரியைச் சுருக்காமல் முழுசாக ஒட்டுங்கள், அடைப்புக்குறி உட்பட. பப்மெட்டோடு சேர்ந்த மை என் சி பி ஐ-யில் இலவசக் கணக்கு ஒன்று திறந்து அதைச் சேமித்து வைத்தால் புதிதாக வருவதை வாராவாரம் மின்னஞ்சலில் அனுப்பும். சிங்கப்பூர் போன அம்மா எப்போது திரும்புகிறார் என்று மகளிடம் கேட்டு அந்தத் தேதியையும் எங்காவது குறித்துக்கொள்ளுங்கள்.